தாழை எண் இருநூற்றுப் பதினேழு

இருநூற்றுப் பதினாறு வரை எண்ணியாயிற்று.
கிம்போசாக் காட்டின் சுண்ணாம்புப் பாறை
பூட்ஸைக் கடிக்கிறது.
ருவு ஆற்றுப் பக்கம் யாரோ
சோளக்கொல்லை எரிக்கும் வாடை.
பான்ஸி நோட்டைப் பிரித்தபடி நிற்கிறான்.

அண்ணாந்து பார்க்க வேண்டும்.
மடல்களைத் திருகித் திருகி
உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறது தாழை.
மடலிடுக்கில் தேங்கும் மழைதான்
அதற்குக் கிணறு, ஊர், எல்லை.
விரல் நீளம் இருக்கும்.
ஆண் என்றால் மயில்கழுத்து நீலம்.
பெண், பாசி படிந்த பித்தளை.
சுவர்ப்பல்லி போல உச்சுக்கொட்டாது.
எவருக்கும் பலன் சொல்லாது,
தன் பலனும் தெரியாது.

"இருக்கா?"
இல்லை.
பூஜ்யம் போடுகிறான். தாள் கிழியும் அழுத்தம்.

பக்கத்தில் ஓர் அடிக்கட்டை.
முழங்கால் உயரம், வெட்டுவாயில் காளான்.
அதற்கு எண் கிடையாது.
பதினேழு வயதில்
அக்கா புருஷனின் கோடரியால் நான் வெட்டியது.
ஏறிப் பிடிக்கத் தெரியாதவன்
சாய்த்துப் பிடிப்பான்.
முப்பதடி மரம் விழும்போது
மடல்தண்ணீர் முழுக்க என் முகத்தில்.
இரண்டு நீலம், ஒரு பித்தளை.
காலுறைக்குள் போட்டு முடிந்தேன்.
மொரோகோரோவிலிருந்து வந்த ஆள்
தலைக்கு இவ்வளவென்று எண்ணிக் கொடுத்தான்.
ஒரு மாதச் சீமெண்ணெய்,
தம்பிக்குச் செருப்பு.
மரத்துக்கு அவன் ஒன்றும் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

கடல் தாண்டி, கண்ணாடிப் பெட்டிகளில்
அவை பெருகிவிட்டனவாம்.
அங்கே விளக்குதான் சூரியன்,
பிளாஸ்டிக்தான் தாழை.
குழைத்த பழக்கூழ் வேளாவேளைக்கு.
நன்றாக இருக்கட்டும்.

பான்ஸிக்கு இதெல்லாம் தெரியும்.
அவன் அப்பனும் வெட்டியவர்தான்.
அதனால்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள்.
எந்த மரத்தில் இருக்குமென்று
திருடியவனைவிட யாருக்குத் தெரியும்?

கட்டையைச் சுற்றிவருகையில்
பாறை வெடிப்பில் ஒரு கன்று.
இடுப்பளவு.
இதற்கு அண்ணாக்க வேண்டியதில்லை,
குனிய வேண்டும்.
மடலுக்குள் நேற்றைய மழை ஒரு மிடறு.
அடிப்புறம் ஒட்டிய இரண்டு முட்டையோடு,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
உடைந்திருக்கின்றன.
பொரிந்து போனதா,
எறும்பு தின்றதா?

நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
பான்ஸி 217-அ என்று எழுதுகிறான்.
எழுதிவிட்டு
பென்சிலைத் தூக்காமல் என்னைப் பார்க்கிறான்.
புகைவாடை
முன்னைவிடக் கிட்டத்தில்.