காலித் தோட்டாக் கணக்கு

நாற்பத்தேழாம் எண் துப்பாக்கி
விக்குகிறது என்று எழுதியனுப்பியிருந்தார்கள்.
விக்கவில்லை.
கக்குகிறது.

கோத்தகிரிக்கு மேலே சுடுதளம், காலை ஏழு.
மஞ்சு இறங்கி இலக்குப் பலகைகளை
ஒன்றாம் எண்ணிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தது.
போஜராஜ் குப்புறப் படுத்திருந்தான்.
நான் அவன் வலப்பக்கம், சற்றுப் பின்னால்.
இலக்கை எல்லோரும் பார்ப்பார்கள்.
நான் பார்ப்பது
பக்கவாட்டில் துப்புவதை.

கடிகாரக் கணக்கு எனக்கு. குழல்வாய் பன்னிரண்டு மணி.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
ஏழெட்டு அடியில் கூடு விழுந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை.
ஐந்து மணிப் பக்கம், காலடியில், சோம்பலாய் உருண்டால்
வாயு போதவில்லை.
இது ஒன்றரைக்குப் போகிறது,
கம்பிவேலி தாண்டி, தேயிலைக்குள்.
வேலியில் பட்டுத் திரும்பிய ஒன்றை எடுத்தேன். கை சுட்டது.
கொக்கி கடித்து இழுத்த விளிம்பு
பிய்ந்த நகம் மாதிரி இருந்தது.

வாயுத் திருகை யாரோ முழுக்க மூடிவிட்டிருக்கிறார்கள்.
ஏன் என்றும் தெரியும்.
உள்ளே பிஸ்டன் கம்பியில்
ஒரு வருஷத்துக் கரி மேலோடாக இறுகியிருக்கிறது.
துடைக்கச் சோம்பல்பட்டவன்
பலத்தைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
வீட்டிலும் இப்படி ஆளுண்டு, அதை விடுங்கள்.

இருபது கொடுத்தோம்.
வேலிக்கு அப்பால் பொறுக்கியதையும் சேர்த்துப் பத்தொன்பது.
இன்ஸ்பெக்டர் திருமேனி வாளியை இரண்டு முறை கவிழ்த்து எண்ணினார்.
ஒரு கூடு குறைந்தால் எத்தனை காகிதம் நிறையும்
என்று அவருக்குத் தெரியும்.
பதினோரு பேர் தேயிலைக்குள் முட்டி போட்டார்கள்.
அட்டை கிடைத்தது.
கொழுந்து பறிக்க வந்த சந்தனமேரி
யாரும் கேட்காமலே கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.
கேட்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரி சுரண்ட எடுத்த தூரிகையைக் கீழே வைத்தேன்.
ஐயா, இதை இன்னும் நான் சரி செய்யவில்லை.
இதே கோளாறோடு இன்னொன்று சுடவிடுங்கள்.
அது போன வழியிலேதான் இதுவும் போகும்.

தொலைந்ததற்கு மேல் ஒன்றா, என்றார்.
ஆமாம், என்றேன்.
குளிரில் பேனா எழுதவில்லை. மூன்று தடவை உதறிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வந்தாயிற்று.
போஜராஜ் அதே பள்ளத்தில் முழங்கையை வைத்தான்.
வெடித்தபோது கண் மூடாதவள்
சந்தனமேரி ஒருத்திதான்.
"அந்த சில்வர் ஓக்குக்கு இந்தாண்ட,
மூணாவது வரிசை."

மூன்றாவது வரிசை. ஒரே தூர்.
ஒன்று சுட்டது.
ஒன்று பனி கோத்துக் கிடந்தது.
அதற்கும் கீழே, பாதி மண்ணில்,
இன்னொன்று,
பச்சை பூத்து, வாய்க்குள் எறும்பு குடியிருக்க.

கொடுத்தது இருபத்தொன்று. கிடைத்தது இருபத்திரண்டு.
திருமேனி என்னைப் பார்த்தார்.
நான் மேகத்தைப் பார்த்தேன்.
படிவத்தில் குறைவுக்குக் கட்டம் உண்டு.
மிகுதிக்கு இல்லை.

பிறகு என் வேலை.
மண்ணெண்ணெய், தூரிகை, பழைய பனியன் துணி.
திருகை முழுக்கத் திறந்து
பழுதுபார்ப்புக் கணக்கில் ஒற்றைத் தோட்டா.
தாழ் பின்னால் போய் நிற்கவில்லை.
ஒரு சொடுக்கு மூடினேன். இன்னொரு தோட்டா.
நிற்கவில்லை.
ஒரு சொடுக்கு.
ஐந்தாவதில் நின்றது, காலி அறையைத் திறந்து காட்டியபடி.
அதற்குமேல் இரண்டு சொடுக்கு:
குளிருக்கு ஒன்று,
துடைக்காமல் விடப்போகிறவனுக்கு ஒன்று.

பிறகு சுட்டதெல்லாம் மூன்றரை மணிக்கு, ஏழடியில்,
விரித்த தார்ப்பாயில்
ஒன்றோடொன்று உரசி விழுந்தது.
போஜராஜ் தோளைத் தேய்த்துக்கொண்டு
"இது வேற துப்பாக்கியா மேடம்?" என்றான்.

பதிவேட்டில் எழுதினேன்: நாற்பத்தேழு. கரி நீக்கம். வாயு சரி.

பச்சை பூத்ததைத் தூரடியிலேயே திரும்ப வைத்தேன்,
எறும்புகள் உள்ளே இருக்க.
அதை எழுதவில்லை.
சந்தனமேரி பார்த்தாள்,
கவிழ்த்த கொழுந்தை அள்ளிக் கூடையில் போட்டபடி.
அவளுக்கு எடை குறையும் இன்று.