எதிரி 2

தீர்த்தகிரி, த/பெ பச்சையப்பன், வயது 19,
தொழில் லாரி கிளீனர்,
எதிரி 2.
யாருக்கு எதிரி என்று
கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.
தூக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை.

வண்டியில் கருங்கல் பலகை இருந்தது, தெரியும்.
அதற்குச் சீட்டு இல்லை என்பது தெரியாது.
எதிரி 1, டிரைவர் வேடியப்பன்,
சூளகிரி தாண்டியதும் இறங்கிச்
சோளக்காட்டுக்குள் ஓடினார்.
கோப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.
நான் கேபினில் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.
தூங்கியதற்கென்று ஒரு பிரிவு இருந்திருந்தால்
அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன்.

இருபத்து மூன்று நாள் சப்ஜெயில்.
ஆறு வருஷம் வாய்தா.
கிருஷ்ணகிரி கோர்ட்டு வராந்தாவில்
தீர்த்தகிரீ தீர்த்தகிரீ தீர்த்தகிரீ
என்று மூன்று தரம் கூப்பிடுவார் டவாலி.
என் கல்யாணத்தில்கூட
யாரும் அவ்வளவு சத்தமாய்க் கூப்பிடவில்லை.

தீர்ப்பு வந்தது ஒரு மாம்பழக் காலத்தில்.
கூழ் கம்பெனியில் பெங்களூரா சீவிக்கொண்டிருந்தேன்,
விரலெல்லாம் பால் பட்டு வெடிப்பு.
லீவு போட்டுப் போய் நின்றேன்.
‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’
என்று வாசித்தார்கள்.
விடுதலை ஆன பிறகும் நான் எதிரிதான்
என்பதைக் கவனித்தது
அந்த அறையில் நான் ஒருவன் மட்டுமே.

பலனை என் கையில் கொடுத்தார்கள்.
மரம் அவர்களிடமே இருந்தது.
வருஷா வருஷம் காய்க்கிறது.

தேர்தல் வந்தால் ஒரு பைக் வரும்.
மாரியம்மன் பண்டிகைக்கு வரும்.
பக்கத்து ஊரில் மோட்டார் ஒயர் அறுந்தால் வரும்.
‘சும்மா ஒரு கையெழுத்துப்பா.’
போடுவேன்.
எதிர்வீட்டு ராஜாமணி
கோலப்பொடி டப்பாவை மூடியபடி
உள்ளே போய்விடுவாள்.
என் மனைவி பிரேமா மட்டும்
வந்தவர்களுக்கு மோர் கொடுப்பாள்,
உப்புப் போடாமல்.

பர்கூரில் ஒரு பள்ளிக்கூட வேன் வேலை.
ஹெவி லைசென்ஸ், பதினோரு வருஷம்,
இதுவரை ஒரு நாய்க்குட்டிமேல் ஏற்றியதில்லை.
விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி:
உங்கள்மீது எப்போதாவது வழக்கு பதிவு செய்யப்பட்டுள்ளதா?
ஆம் / இல்லை.
கட்டம் சுண்டுவிரல் நகத்தளவு.
‘இல்லை’ என்றால் பொய்.
‘ஆம்’ என்றால்
எழுதியது உண்மை, படிப்பது பொய்.
அரைமணி நேரம் பேனாவைத் திறந்து மூடினேன்.
‘ஆம்’ போட்டேன்.

போலீஸ் சான்று வந்தது.
‘மேற்படி நபர்மீது வழக்கு இருந்து’
என்று ஆரம்பித்து,
நாலாவது வரியில்தான் விடுதலை.
நாலாவது வரிவரை பொறுமை
எத்தனை பேருக்கு உண்டு?

ஆபீஸில் ஸ்டெல்லா மேடம்.
அவர் நல்லவர், அதையும் சொல்லவேண்டும்.
கடைசிவரை படித்தார்.
நான் கொண்டுபோன தீர்ப்பு நகலையும் வாங்கிப் பார்த்தார்.
லேமினேஷன் போட்டிருந்தேன்,
நடுவில் ஒரு காற்றுக் குமிழ்.
அதை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.
அது நகர்ந்தது, போகவில்லை.
‘எனக்குப் புரியுதுங்க.
பேரன்ட்ஸ் யாராச்சும் கேட்டா
நான் என்ன சொல்றது?’

அவர் கேட்டது நியாயம் என்று
பஸ் ஸ்டாண்டு வரை எனக்கே தோன்றியது.
பிறகு தோன்றவில்லை.

இப்போது ராயக்கோட்டையிலிருந்து
தக்காளி ஏற்றுகிறேன், ராத்திரி வண்டி.
கிளீனர் பையன் ஊத்தங்கரைக்காரன்,
பெயர் சேட்டு, மீசை இனிமேல்தான்.
கிளம்புமுன் சரக்குச் சீட்டை
அவனை விட்டு இரண்டு தரம் படிக்கச் சொல்வேன்.
மூன்றாவது தரம் நான் படிப்பேன்.

வாணியம்பாடி தாண்டினால் தலை சாய்ப்பான்.
தூரத்தில் சிவப்பு விளக்கு சுழல்வது தெரிந்ததும்
ஒரு கையால் அவன் தோளை உலுக்குவேன்.
டேய். எழுந்திரு.
எழுந்து உட்காரு. முகத்தைக் கழுவு.
கேட்டால் பதில் சொல்லுகிற மாதிரி இரு.

‘தக்காளிதானேண்ணா’ என்கிறான்,
கண்ணைத் திறக்காமல்.