ஒன்று பத்து

முதல் வாரம் பழி என் மேல் விழுந்தது.
இரண்டாம் வாரம் ஏசியின் மேல்.
மூன்றாம் வாரம் ஜெயசீலன் சார்
லித்துவேனியாவுக்கு எழுதிக் கேட்டார்.
பெட்டி அங்கிருந்துதான் வந்தது.
பெட்டியில் பழுதில்லை, தரையைப் பாருங்கள்
என்று இரண்டே வரியில் பதில்.

தரையைக் கூட்டினோம்.

வேலை இதுதான்:
கட்டைவிரல் நகமளவு கார்பைடு,
அதன் விளிம்பில் ஒரு பள்ளம்.
கார்பைடு லேசில் மசியாது.
அரத்தை வைத்தால் அரம்தான் தேயும்.
பழைய லேசரை வைத்தால் விளிம்பு பொரிந்து
உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும்,
ஆறு மாதம் கழித்து வேறெங்கோ உடையும்.

இந்த ஒளி வேறு.
ஒரு நொடியை லட்சம் கோடியாய் நறுக்கி
அதில் ஒரு துண்டை எடுத்து
அதிலும் கால்பங்கு.
அவ்வளவுதான் அது உயிரோடு இருப்பது.
பக்கத்து வீட்டுக்குச் சேதி எட்டுமுன்
பாடை தெருமுனை திரும்பிவிடுவது போல
சூடு பரவுமுன் பட்ட இடம் ஆவியாகிவிடும்.
எடுத்துக் கையில் வைத்தால் சில்லென்றிருக்கும்.
நான் இன்னும் நம்பாமல் தொட்டுப் பார்க்கிறேன்.

கழிவுப் பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் கிடையாது.
நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
1.11. 1.10. 1.12. 1.10.
"சோறு தின்ன மயக்கம்" என்றான் லோகேஷ்.
அன்று சாப்பிடாமல் மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றேன்.
மேசை மேல் மோர் டம்ளர்.
ஒன்று பத்துக்கு
மோரின் நடுவில் ஒரு வளையம் பிறந்து
ஓரம்வரை போய்த் தொலைந்தது.

ஸ்கூட்டியில் நாலு கிலோமீட்டர்.
சூளகிரி மலை இடப்பக்கம் கூடவே வந்தது.
ஜல்லிக் குவாரி, சிவப்புக் கொடி,
புருவமெல்லாம் வெள்ளையாய் மேஸ்திரி திம்மராயன்.
"எவ்ளோ தள்ளிப் போச்சு மேடம்?"
இரண்டு மைக்ரான்.
"அப்டின்னா?"
என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நீட்டினேன்.
இதை நெடுக்கில் முப்பதாய்க் கிழித்தால் ஒன்று.
அவர் முடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
பின்னால் நின்ற பாறையைப் பார்த்தார்.
எங்கள் தொழிலில் ஒரு டிராக்டர் தவறினால்தான்
கணக்கில் வரும் என்றார்.
நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒன்று ஐந்துக்குக் குரல் வரும்:
"மேடம், நிறுத்திக்குங்க."
நான் நிறுத்துவேன். மோர் அசையும்.
"ஆச்சு மேடம்."
கழிவுப் பெட்டி காலியாகவே கிடந்தது.
ஜெயசீலன் சார் லித்துவேனியாவுக்கு நன்றி எழுதினார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
"நிறுத்திக்குங்க" வந்தது.
ஒன்று பத்து. மோர் அசைந்தது, கொஞ்சமாய்.
"ஆச்சு" வரவில்லை.
ஒன்று பதினேழுக்கு வந்தது இது:
"ஒரு குழி வெடிக்கல மேடம். தண்ணி எறங்கிருச்சி போல.
மிஷினைத் தொடாதீங்க.
எப்ப போவும்னு தெரியாது."
பின்னால் யாரோ யாரையோ
பெயர் சொல்லிக் கத்தும் சத்தம்.

லோகேஷ் வந்து நின்றான்.
சார் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு மணிக்கு இவ்வளவு ஆயிரம் என்று
அவர் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டார்.
பக்கத்துக்குச் சூடு போகாத ஒளி
பெட்டிக்குள் மூடிய கதவின் பின் காத்திருந்தது.
நாலு கிலோமீட்டருக்கு அப்பால்
ஈர மருந்து ஒன்று
வெடிப்பதா வேண்டாமா என்று இருந்தது.
போய்ப் பார்க்க ஒரு ஆள் நடந்துதான் ஆகவேண்டும்.
அது யார் என்று நான் கேட்கவில்லை.
மோர் புளிக்கத் தொடங்கியிருந்தது.

1.52.
வளையம்.
ஓரத்தில் மோதித் திரும்பி வந்தது, அவ்வளவு பெரிது.

போன் சும்மா இருந்தது.
பிறகு ஒரு குரல், அவருடையதுதான்,
மூச்சு வாங்க,
ஆச்சு என்றுகூடச் சொல்லவில்லை:
"நீங்க ஓட்டுங்க மேடம்."

ஓட்டினேன். துண்டு சரியாக வந்தது.
அந்த நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு
பதிவேட்டில் இன்னும் கோடு போடவில்லை.