துவைகல்

மாங்குளத்தில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள்
பாலைமரக் காட்டுக்குள் இரண்டு தரம் நின்றது.
மூன்றாம் தரம் நின்ற இடத்தில்
கோயில் இருந்தது.

இருந்தது என்றால்,
அத்திவாரமும் நாலு தூணும்.
ஒன்று களைத்துப்போய் வீரைமரத்தில் சாய்ந்திருந்தது.
கருவறைச் சதுரத்தில் மழைத்தண்ணீர்,
அதில் தவளைமுட்டை.
யானை முதுகு தேய்த்த சேறு
என் தலைக்கு மேலே காய்ந்து வெடித்திருந்தது.
சாமி யாரென்று சொல்ல ஆளில்லை.
ஆவுடையார் போல ஒன்று, நடுவில் குழி,
குழிக்குள் துருவேறிய சன்னக் கோது.

நூற்றாண்டு தெரிந்தவன் மாதிரி
நாலு பக்கமும் சுற்றி நடந்தேன்.
முப்பத்தேழு படம் எடுத்தேன்.
வாசற்படியை மட்டும் காணவில்லை.

மாட்டுத்தடம் ஒன்று ஆற்றுக்கு இறக்கியது.
மாசி மாதப் பாலியாறு, முழங்காலுக்கும் குறைவு.
மருதமர நிழலில் பதினொரு குடில்:
தகரம், கிடுகு,
எழுத்து வெளிறிய நிவாரணத் தறப்பாள்.
கம்பியில் கருவாடாகிக்கொண்டிருந்தது ஜப்பான் மீன்.
ஒரு பெடியன் உடைந்த ரேடியோவுக்குள்
சிலந்தி வளர்த்தான்.

படி அங்கே கிடந்தது, பாதி தண்ணீரில்.
யோகலெட்சுமி அதில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.
தாமரை இதழ்களை எண்ணினேன்.
ஆறு வரை வந்தது,
பிறகு நுரை.

"அளக்க வந்தீங்களா?"
பேச்சில் தேயிலை மலை இன்னும் ஏறி இறங்கியது.
எழுபத்தேழில் தகப்பனை லொறி இறக்கிவிட்ட கரையாம்.
அதற்குப் பிறகு ஓடிய ஊர்களை அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

"இல்லை, சும்மா பார்க்க."

"போன வருசம் அந்தக் கரைக்கும்
சும்மா பாக்கத்தான் வந்தாங்க.
அப்புறம் மஞ்சக் கல்லு நட்டாங்க.
கச்சான் போட்ட காணி போச்சு."

சொல்லிவிட்டு, கோபமில்லாமல்,
பிளேன்டீ தந்தாள்.
உள்ளங்கையில் நக்கிக் குடிக்கச் சீனி,
அது அவர்களுடைய கடைசிச் சீனியாய் இருக்கலாம்,
அல்லது அப்படி நினைப்பது என் வழக்கமாய் இருக்கலாம்.

"அடியில எழுத்து இருக்கு.
கைய விட்டுப் பாருங்க. படம் வேணாம்."

காற்சட்டையை மடித்து இறங்கினேன்.
பாசி, நத்தை, குளிர்.
பிறகு வெட்டு. ஒரு வளைவு, ஒரு கோடு,
மறுபடி வளைவு.
மகரம் போல. இல்லை, வேறேதோ.
எந்த அரசன் எவ்வளவு நெல்லை
யாருக்கு எழுதிவைத்தானோ,
ஆறு என் விரலுக்குள்ளாலே போய்க்கொண்டிருந்தது.
"என்ன போட்டிருக்கு?" என்றாள்.
"தெரியேல்லை."
முதற்தரமாய்ச் சிரித்தாள்.
"எங்களுக்கும்தான்."
அடுத்த சட்டையை எடுத்தாள்.

மாங்குளச் சாப்பாட்டுக் கடையில் தொலைபேசியைத் திறந்தேன்.
ஒவ்வொரு படத்திலும் இடத்தின் புள்ளியை
அது தானாகவே குறித்துவைத்திருந்தது.
முப்பத்தாறை அழித்தேன்.
மிச்சம் ஒன்று யானைச் சேறு.
அதையும் அழித்திருக்க வேண்டும்.

சோறு வந்தது.
கையில் சன்லைட் மணம்.
குழம்பு ஊற்றுமுன்
விரல் தன்பாட்டில்
ஒரு வளைவு, ஒரு கோடு,
மறுபடி வளைவு.