கையும் களவும்

ஏகாம்பரம் வீதியில் எங்கள் கடைக்கு
ஏழு கமரா. அதில் இரண்டு வெறும் கூடு.
எந்த இரண்டு என்று
முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மாதக் கடைசியில் இருப்பு எடுப்போம்.
குறைந்தால் எங்கள் சம்பளத்தில் பிரித்துக் கழிப்பார்.
சித்திரையில்
நாங்கள் ஒருநாளும் பூசாத முகக் கிறீமுக்கு
நாங்களே காசு கட்டினோம்.
அதற்குப் பிறகு
வாசல் கதவு கிறீச்சிட்டாலே
வருகிறவரின் முகத்தை விட்டுக்
கையைப் பார்க்கப் பழகினேன்.

"கையும் களவுமாப் பிடிக்கவேணும் பிள்ளை",
ஒரு நாளைக்கு இரண்டு தரம் சொல்லுவார்.

வைகாசியில் ஒரு பின்னேரம்.
கறுப்பு அபாயா, தோளில் துணிப்பை.
மூன்றாம் இறாக்கையில் அந்தக் கிறீமை எடுத்து
விலையைப் பார்த்து, திருப்பி,
இன்னொரு தரம் விலையைப் பார்த்து நின்றாள்,
வெறும் கூட்டுக்கு நேர் கீழே.
வாசலில் மறித்தேன்.
என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது.
பையை அவளே மேசையில் கவிழ்த்தாள்.
கிளினிக் கொப்பி, கிண்ணியா பஸ் ரிக்கற்,
பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து,
அதே கிறீம்,
பாதி பிதுக்கியது, மூடி தொலைந்தது.
வரிசையில் ஆறு பேர்.
ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

கை இருந்தது.
களவு இருக்கவில்லை.

பக்கத்து மேசையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஹம்சியா
நிமிரவே இல்லை.
ஒரு கிழமை கழித்துத்தான் கேட்டாள்,
"சீலை கட்டினவ எண்டால் மறிச்சிருப்பியா?"
நான் பில் றோலை மாற்றினேன்.
காலையில் மாற்றிய றோல்.

ஆனியில் தெரிந்தது.
கொழும்பு லொறியில் இருந்து இறக்கும்போதே
பெட்டியில் நாலு குறைவு.
எண்ணாமல் கையெழுத்து வைத்தவர் முதலாளி.
கழித்த காசைக் கேட்டோம்.
"பாப்பம்" என்றார்.

அந்தக் கிழமைதான் ஒரு மான்
கோட்டைப் பக்கமிருந்து வந்து
படியில் முன்கால் வைத்து
வாசல் கூடையில் இருந்து
ஒரு வல்லாரைக் கட்டை இழுத்துக்கொண்டு
பஸ் நிலையம் பார்த்து நடந்தது.
முதலாளி சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்.
அதைக் கதவில் ஒட்டவில்லை.
கதவில் ஏற்கனவே நாலு முகம், மங்கலாய்,
'இவர்களைக் கண்டால் அறிவிக்கவும்.'
அன்றிரவு கடை அடைக்கும்போது
பிளேட்டால் சுரண்டிக் கழற்றினேன்.
பசை மட்டும் இன்னும் சதுரம் சதுரமாய்
கண்ணாடியில் இருக்கிறது.

நேற்று ஒருவர்.
மடிப்புக் கலையாத சேர்ட், கழுத்தில் அலுவலக அட்டை.
மல்லாத்திப் பிடித்த ஹெல்மெட்டுக்குள்
இரண்டு சொக்கலேற், ஒரு சேவிங் கிறீம்,
வேலை செய்யும் கமராவில், தெளிவாய்.
மேசைக்கு வந்து
தண்ணீர்ப் போத்தலை மட்டும் வைத்தார்.

உள்ளே ஒன்று துள்ளியது.
பொய் சொல்லமாட்டேன்,
அது ருசியாய் இருந்தது.

பிறகு, போத்தலின் விலையைச் சொல்லும் அதே குரலில்,
பின்னால் நிற்பவருக்குக் கேட்காமல்,
"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறதையும் சேத்துப் போடவா ஐயா?"
அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார்,
யாரோ போட்டுவிட்டுப் போனதுபோல.
"ஓமோம்... மறந்தே போனன்."
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.
வெளியே சைக்கிளில் ஏறி
வெகுநேரம் ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தார்.

ஹம்சியா லாச்சிக்குள் பத்து ரூபாய் போட்டுவிட்டு
ஒரு ரொபியை என் பக்கம் உருட்டினாள்.

அவள் பெயரை அன்று நான் கேட்கவில்லை.
இப்போதும் இந்த வீதியால்தான் போகிறாள்.
எங்கள் கடை வரும்போது
எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறாள்.
பின்னேரத்தில்
வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான்.