உப்புப் பார்க்க

புரட்டாசி முடிந்த மறுநாள் காலை
தேக்கா ஈரச்சந்தையில், ஆட்டுக்கறிக் கடை முன்னால்
எங்கள் சனம் வால்போல நீண்டு நின்றது.
நானும் நின்றேன், பையும் கையுமாக.
எனக்கு முன்னால் ஏழு பேர்.
மூன்று பேர் ஆனபோது
காலுக்கு என்ன தோன்றியதோ,
கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பி நடந்தது.

கனவில் சாமி வரவில்லை.
பாலிகிளினிக் டாக்டர் மிரட்டவில்லை.
ஆட்டின் கண்ணைப் பார்த்து அழுத கதை
என்னிடம் இல்லை.
கேட்பவர்களிடம் சொல்கிறேன்:
எனக்கு மட்டும் அந்த மாதம் இன்னும் முடியவில்லை.
இப்போது மாசி.

துவாஸ் ஆபீஸில் சுவீ லியானுக்கு
மாதம் இரண்டு நாள் சைவம்.
அவளுடைய ஒன்றாம் தேதியும்
என்னுடைய அமாவாசையும்
அநேகமாக ஒரே இருட்டில்தான் வருகின்றன.
"வா" என்று இழுத்துப் போனாள்.
கோதுமைப் பசையில் ஒரு வாத்து.
தோலில் மயிர்க்கால் புள்ளிகூட வைத்திருந்தார்கள்.
வேண்டாமென்று விட்டு வந்தவனின் போட்டோவை
பர்ஸில் வைத்திருப்பது மாதிரி இருந்தது.
பக்கத்தில் கிடந்த பீஹூன் போதும் என்றேன்,
முட்டைக்கோஸும் கருங்காளானும் போட்டது.
அதில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை.
அவர்கள் சைவத்துக்கு அதுவும் ஆகாதாம்.
என் சைவம் அவ்வளவு தூரம் போகாது, லியான்.

கலவைச் சோற்றுக் கடையில்
கங்கோங் பச்சையாய்ச் சிரித்தது.
இரண்டு வாய் தின்ற பிறகு தெரிந்தது
உள்ளே பிளாச்சான்.
துப்பவில்லை. விழுங்கினேன்.
அன்று இரவு யாரிடமும் சொல்லாமல்
அந்த ருசியை நினைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் விழித்திருந்தேன்.

ஆனால் பெரிய தொல்லை, உப்பு.

சனிக்கிழமை கேம்பிலிருந்து பையன் வருவான்,
மொட்டைத் தலையும் அழுக்கு மூட்டையுமாக.
யுகேந்திரனுக்குக் கறிக்குழம்பு இல்லாத ஞாயிறு
ஞாயிறே இல்லை. அவன் அப்பாவுக்கும்.
வைக்கிறேன். இருபத்தோரு வருடக் கை.
சோம்பு எப்போது சிவக்கும், குக்கர் எப்போது கத்தும்,
எல்லாம் தெரியும்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு
நக்கிப் பார்க்கும் அந்த ஒரு நொடி இல்லாமல்
உப்பு வெறும் ஊகம்.
முதல் வாரம் குழம்பு கடல்.
அடுத்த வாரம் குழாய்த் தண்ணீர்.
மூன்றாம் வாரம் இவரே எழுந்து வந்தார்,
பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு,
கையை நீட்டினார்.
கரண்டியிலிருந்து அவர் உள்ளங்கைக்கு ஒரு சொட்டு.
"அரைக் கல்லு" என்றார்.
அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.
சமையலறையில் அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது.

பக்கத்து அடுப்பில் எனக்கு தெம்பே.
மலாய்க்காரக் கடையில் இலையில் மடித்துத் தருவார்கள்.
மெலிசாகச் சீவி, புளித்தண்ணீர், மஞ்சள் பிரட்டி
எண்ணெயில் மொறுமொறுவென்று எடுத்து
அதே சோம்பு, அதே தேங்காய், அதே கறிவேப்பிலையில்
புரட்டுவேன்.
இத்தனை வருடம் நான் தேடித் தேடித் தின்றது
ஆட்டையா, இந்த மசாலாவையா?
சத்தமாகச் சொல்லவில்லை.
யுகா கேட்டால் சண்டைக்கு வருவான்.

போன ஞாயிறு குழம்பைப் பார்த்த கரண்டியை
யோசிக்காமல் என் சட்டிக்குள் விட்டு
ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார்.
"நல்லா இருக்கே..."
நான் போட்ட கூச்சலில்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு ஒன்றும் பேசாமல் அதைப் பையனின் தட்டில் கொட்டி,
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி,
குளிர்பெட்டியில் மிச்சமிருந்த தெம்பேயை
செங்கல் செங்கலாக வெட்டினார்.
சோம்பு கருகியது. தேங்காயை மறந்தார்.
என்னைத்தான் கூப்பிட்டார்.
கையை நீட்டினேன்.

உப்பு ஏகத்துக்குக் கூடியிருந்தது.
சோறு இன்னும் ஒரு கரண்டி
போட்டுக்கொண்டேன்.