மணம் பற்றிய முறைப்பாடு

பத்தரமுல்லையில் செடி விற்கும் சுமனதாச
சிங்களத்தில் பாதி, கையால் மீதி சொன்னார்:
காலை வெயில் போதும்.
வேர் நனைய வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது.
சுண்ணாம்பு பட்டால் கோபிக்கும்.
மொட்டு வைத்தபின் இடம் மாற்றினால்
அத்தனையையும் உதிர்த்துவிடும்.
கார்டேனியா.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
அதற்கும் டிக்கெட் கேட்டார் நடத்துனர்,
பகிடிக்குத்தான்.

வெள்ளவத்தையில்
கடலுக்கு மூன்று வீடு தள்ளி எங்கள் தொடர்மாடி.
பல்கனிக் கம்பியே
ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிற காற்று.
இலை எம்மாத்திரம்?
ஓரம் கருகிற்று முதலில்.
பிறகு நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க
மிச்சமெல்லாம் மஞ்சள்.
குற்றம் கிணற்றுத் தண்ணீரில் என்று கண்டுபிடிக்க
ஒரு மழைக்காலம் போனது.

அதன்பின்
ஏசி சொட்டும் நீரை வாளியில் பிடித்தேன்.
கோட்டையில், கப்பல் காப்புறுதிக் கந்தோரில்,
பதினொரு பேர் குடித்த தேயிலையின் சக்கை
என் சாப்பாட்டுப் பெட்டியில்
மாலை ரயிலேறி வந்தது.
கணுவில் பஞ்சுப்பூச்சி ஒட்டியபோது
பழைய டூத்பிரஷ், சவர்க்கார நுரை,
ஞாயிறு முழுவதும்.

ஒன்று சொல்லவில்லை.
எனக்கு மூக்கு வேலை செய்வதில்லை.
காய்ச்சல் ஒன்றோடு போனது, மூன்று வருடம்.
கறி அடிப்பிடித்தால்
புகை கண்ணுக்கு வந்துதான் தெரியும்.
உனக்கெதற்கு மணக்கிற பூ என்று
டெலிபோனில் கேட்டாள் தங்கச்சி.
இலை மினுமினுப்பாய் இருக்கும், அதற்கு என்றேன்.
அது பொய்யுமில்லை.

வைகாசியில், ஒரு செவ்வாய் இரவு,
முறுக்கிப் பிடித்த கையை
யாரோ மெல்லத் தளர்த்தியதுபோல்
முதல் மொட்டு விரிந்திருந்தது.
முகத்தை உள்ளே வைத்தேன்.
குளிர். ஈரம்.
வேறொன்றுமில்லை.

காலையில் கதவு தட்டப்பட்டது.
கீழ்மாடி ஃபரீனா மர்ஜான்.
காயப்போட்ட உடுப்பில் என் வாளி சிந்தியதற்கு
ஏற்கெனவே இரண்டு முறைப்பாடு.
"ராவெல்லாம் தலையிடி.
ஜன்னல் திறக்க ஏலாது.
என்னத்த வெச்சிருக்கீங்க மேல?"

மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன்.
"எப்படி மணக்குது?"
என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
"கூடுதலா."
"கூடுதலா எண்டா?"
எரிச்சலோடு யோசித்தார்,
செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார்.
"தேங்காப்பால்... ஏலம் போட முந்தி.
இல்ல, அதில்ல.
தாள் பிரிக்காத புதுச் சவர்க்காரம் இருக்கே,
அதுவுமில்ல.
நல்லாக் கனிஞ்ச வாழப்பழம் கொஞ்சம்.
தலையிடி அதாலதான்."
இன்னும் சொல்லுங்கோ என்றேன்.
கேத்தில் கொதித்து தானாக அணைந்தது.
பிளேன்டீ குடித்துவிட்டு
"மறுபக்கம் வையுங்க" என்று இறங்கிப் போனார்,
கோபம் குறையாமல்தான்.

வைத்தேன்.
சுமனதாச சொன்னபடி
ஏழில் ஐந்து மொட்டு உதிர்ந்தது.
கூட்டி அள்ளி அதன் வேரிலேயே போட்டேன்.

ஆறாவது விரிந்த இரவு
விளக்கை அணைத்துவிட்டு
பல்கனியில் உட்கார்ந்திருந்தேன்.
கடைசி ரயில் போனது.
கீழே ஜன்னல் சாத்துகிற சத்தத்துக்குக்
காதைக் கொடுத்துக்கொண்டு.

பத்தரைக்குக் கேட்டது.